காதர் சார் எடுத்த இரண்டாவது படம்

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, போன் அடித்தது. "அம்மா, அத்தா மௌத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." காதர் சாரின் மகன் போனை வைத்துவிட்டான். எங்கள் தி.நகர் வார இதழின் புகைப்படக்காரர் போய்விட்டார். அவரோடு செய்திக்குப் போகும் நிருபர் நான், அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஓரிடத்தில் நிற்க எனக்கு எப்போதுமே வராது. அவருக்கும் எனக்கும் இருந்த வழக்கே அதுதான்.

ஃபிலிமில் பழகிய கை அவருடையது. போன வருஷம் முதலாளி சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது, "சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்றார். அதன் முன்னால் திருகி மாட்டும் டெலி கன்வெர்ட்டர் லென்ஸ் வந்த பிறகுதான் அதைத் தொட்டார். தூரத்தில் இருப்பதை அது இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். கை நடுக்கத்தையும் அப்படியே காட்டும்.

முதல் வேலை மயிலாப்பூர் தெப்பம். "சீக்கிரம் சார், தெப்பம் திரும்பிடும்" என்று நான் அவரை அரித்தெடுத்தேன். அந்த லென்ஸ் போட்டால் கேமராவின் ஜூமை முழுக்க இழுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டார். படத்தில் சுற்றிலும் கறுப்பு, நடுவில் வட்டத்துக்குள் தெப்பம். "இன்னா பாய், கெணத்துக்குள்ளேர்ந்து எடுத்தியா?" என்றார் முதலாளி. காதர் சார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மறுநாள் லென்ஸ் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "முதலில் ஜூம். பிறகு அவசரம்." யாருக்கு என்று தெரிந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு பட்டினப்பாக்கம். புயலுக்கு மறுநாள், செய்திக்காக ஓடினோம். நான் விரட்டிய விரட்டலில் கேமரா ஸ்டாண்டை அலுவலகத்திலேயே விட்டுவிட்டார். புயலுக்கு முன்பே கடலுக்குப் போன ஒரு கட்டுமரம் அப்போதுதான் தொலைவில் தெரிந்தது. போனவர்கள் மூன்று பேர்: கரையில் நின்ற மல்லிகா என்ற பெண்ணின் புருஷனும் அவளுடைய இரண்டு தம்பிகளும். "ரெண்டு தலதான் தெரியுது" என்றார் ஒருவர். "மூணு பேரும் கீறாங்க, நல்லா பாரு" என்றார் இன்னொருவர்.

காதர் சார் ஒரு படம் எடுத்தார். கேமராவின் பின்பக்கத் திரையில் உடனே பார்க்கலாம். நான் எட்டிப் பார்த்து, வாய் சும்மா இருக்காமல், "ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டேன். மல்லிகா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. "இங்க வந்து நில்லுங்கம்மா" என்றார். என் தோளில் கேமராவை ஊன்றினார். "மூச்சு விடாதீங்க. அசையாதீங்க." என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அன்றுதான். அலை ஒன்று கட்டுமரத்தைத் தூக்கும்வரை காத்திருந்து அழுத்தினார்.

முதல் படத்தில் மங்கலாக மூட்டைபோல் தெரிந்தது, குனிந்து கட்டுக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஆள். இரண்டாவதில் நிமிர்ந்திருந்தான். "என் சின்ன தம்பி" என்றாள் மல்லிகா, ஈரக்கையால் திரையைத் தடவி. அப்போது பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்தது.

அலுவலகம் திரும்பினோம். சாந்தோம் தாண்டியதும், "ஒரு படத்த வெச்சு யாரையும் சாகடிச்சிடாதீங்கம்மா" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். எதற்கெல்லாமோ அவசரப்பட்ட எனக்கு, அதற்கு மட்டும் அவசரம் வரவில்லை.

அவர் வீட்டுப் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. நானும் அவர்களோடு தெருமுனையில் நின்றேன். அவரை வைத்த சந்தூக்கை ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். அது திருப்பத்தில் மறையும்வரை நான் அசையவில்லை, சார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். என்னை மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.