தொப்பி இல்லாத சிறுமி

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தோம். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டை இடித்தபோது தெருவில் போட்ட சாமான்களிலிருந்து என் கணவர் எடுத்து வந்தது. கறுப்பு மையில் மெல்லிய கோடுகள், அவற்றின் மேல் வெளிறிய நீர்வண்ணம். ஓடையில் ஒரு குடை மல்லாந்து படகாக மிதக்கிறது. அதற்குள் நான்கு குழந்தைகளும் ஒரு வாத்தும். மூன்று பேர் தலையில் தொப்பி. நாலாவது சிறுமி தொப்பியை எங்கோ விட்டுவிட்டு, கையால் தண்ணீரை அளைந்தபடி சிரிக்கிறாள்.

எங்கள் ஆறு வயது மகளுக்கு அந்தப் படத்தைக் காட்டித்தான் அவர் சோறு ஊட்டுவார். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். வேலைக்காகப் பல வருடம் பெங்களூருக்கு ரயிலில் வந்து போனவர். அதனால் குடையும் அந்த ரயில் போகும் வழியிலேயே போகும்.

"மொத வாய், நம்ம ஈஸ்ட் ஸ்டேஷன். அடுத்தது கே.ஆர்.புரம். வாயத் தொற, ஒயிட்ஃபீல்டு வந்துடுச்சு. தொப்பி இல்லாதவ யாரு?"

"நானு!"

பங்காருபேட்டையும் தாண்டினால் கடைசி வாய் தங்கவயல், தாத்தா வீடு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயில் படுத்திருந்த அந்தத் தாத்தாவைப் பார்க்க அவர் மட்டும் போயிருந்தார். மாலையில் நாங்கள் இருக்கும் ஜீவனஹள்ளியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எங்கள் சந்தின் கடைசியில் மூடி இல்லாத பெரிய சாக்கடை இருக்கிறது. அது நிரம்பினால் தண்ணீர் எங்கள் சமையலறைக்கே வரும். வாளியால் மொண்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"பங்காருபேட்டையில வண்டி நிக்குது. தண்டவாளத்துல தண்ணியாம்."

"பங்காருபேட்டையிலயே நின்னா எப்படி வருவீங்க?" என்று கத்தினேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். போனை வைத்துவிட்டு அரிசி மூட்டையை அலமாரிமேல் ஏற்றப் போனேன். வாசற்கதவு திறந்தே கிடந்தது.

"அக்கா! யக்கா! ஓடியாங்க!"

எதிர்வீட்டு ஆட்டோக்காரரின் குரல். சந்து முனையில், முழங்கால் தண்ணீரில், ஒரு கையால் விளக்குக் கம்பத்தையும் மறு கையால் என் மகளின் கவுனையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் குடை மல்லாந்து கிடந்தது. நான் பார்க்கும்போதே அது ஒரு சுற்றுச் சுற்றி, சாக்கடைக்குள் தலைகீழாக இறங்கியது. அங்கே ஒரு கணம்கூட மிதக்கவில்லை. கம்பிகள் உடையும் சத்தம் கேட்டது.

"ஆட்டோவுக்கு தார்ப்பாய் கட்ட வந்தேங்க்கா. இல்லன்னா..." பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா, எதுத்தாப்புல ஆட்டோ இருக்கறப்ப கொடையில சவாரி கேக்குதா உனக்கு?" என்றார். சிரிக்கப் பார்த்தார். பற்கள்தான் அடித்துக்கொண்டன.

அவள் அழவில்லை. "அப்பா பங்காருபேட்டையில நிக்கறாரில்ல, கூட்டினு வரலாம்னு போனேன்" என்றாள்.

மறுநாள் காலை கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே போய்ப் படத்தைக் கழற்றி, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கச் செருகினார். கதையைப் பற்றி நான் பேசவில்லை. கதவைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

மதியம் சோறு பிசைந்து எடுத்தார். எந்த ஊரையும் சொல்லவில்லை. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, படம் மாட்டியிருந்த ஆணியையே பார்த்தாள்.

"அவங்கல்லாம் எங்கப்பா?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"தொப்பி இல்லாதவளுமா?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. உருண்டையிலிருந்து பருக்கைகள் மேசைமேல் உதிர்ந்தன. நான் சொன்னேன்: "அவதான் மொதல்ல எறங்குனா. இங்கியே, ஈஸ்ட் ஸ்டேஷன்ல."

அவள் வாயைத் திறந்தாள்.

அன்று அந்த ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.