இடப்பக்க விளக்கு

என் பெரியம்மா அருக்காணிக்கு அறுபத்திரண்டு வயது. கோபிசெட்டிபாளையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவரின் மகள். கல்யாணமான கையோடு பெரியப்பாவின் துறைமுக ஆபீஸ் மாற்றலில் கல்கத்தா வந்தவர், நாற்பது வருடமாக டாக்குரியாவில் இருக்கிறார்.

வீட்டில் 1968-ஆம் வருட அம்பாசடர் ஒன்று நிற்கிறது. பெரியப்பா ராஜ்மோகன் ஏலத்தில் எடுத்தது. பிளக் கழற்றித் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கரியாஹாட் சந்தைக்கும் காளிகாட்டுக்கும் ஓட்டிப் போவது எல்லாம் பெரியம்மா. பானெட்டில் சாய்ந்து போட்டோவுக்கு நிற்பது பெரியப்பா.

ஜனவரியில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும். ஐந்து வருடமாகப் பெரியப்பா ஓட்ட, பெரியம்மா பட்டுப்புடவையில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நவம்பரில் நான் வந்து சேர்ந்தபோது, ஒரு மத்தியானம் பெரியம்மா அதற்கான விண்ணப்பத்தைக் காட்டிக் கேட்டார்: "அந்த ஃபாரத்துல டிரைவர்னு இருக்குதே, அங்க எம்பேரு போட்டா தப்பா அம்முணி?"

போட்டேன். பெரியப்பாவும் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓட்டட்டும். ஆசைப்படறா."

அணிவகுப்பு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பெரியம்மா எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார். பின்பக்கம் இடது சிவப்பு விளக்கு எரியவில்லை. மைதானத்தில் பத்து மணிக்குள் வண்டியைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு விளக்கு எரியாவிட்டாலும் சேர்க்க மாட்டார்கள்.

பெரியப்பா மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "இன்னிக்கு ஹொபே நாங்கறான், ஆகாதாம்" என்றார். வருத்தமாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

"அவனுக்கு என்னிக்குத்தான் ஹொபே ஆச்சு?" என்று பெரியம்மா ஸ்க்ரூ டிரைவரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிவப்பு மூடியைக் கழற்றினார். பல்பை அழுத்தித் திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் காத்திருந்து திரும்பவும் பார்த்தார். பிறகு டார்ச் அடித்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, இதை யாரு மாட்டுனது?"

"நாந்தான். பூஜா லீவுல. ஏன்?"

"பல்புல இருக்கற ரெண்டு முள்ளும் ஏத்த எறக்கமா வெச்சிருக்கறதே மாத்தி மாட்டிரக் கூடாதுன்னுதானுங்க. தலைகீழாத் திணிச்சிருக்கீங்க."

"எரிஞ்சுதல்ல?"

"எரிஞ்சுது. மூணு மாசமா, சும்மா போறப்பவும் பிரேக்கு போட்ட மாதிரியே பளிச்சுனு எரிஞ்சுது."

பெரியப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். "உடு அருக்காணி. அடுத்த வருசம் ஓட்டிக்கலாம்."

பெரியம்மா பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, துணியைச் சுற்றிப் பலமாகத் திருகினார். கண்ணாடி மட்டும் உடைந்து கையோடு வந்தது. பித்தளை அடிப்பாகம் உள்ளேயே நின்றது.

"ஒரு உருளக்கெழங்கு கொண்டா அம்முணி. பாதியா அறுத்து."

"உருளைக்கிழங்கா?"

"இந்த ஊருல பிரியாணிக்குள்ளயே போடறாங்க. பல்புக்குள்ள போட்டா என்ன?"

அறுத்த கிழங்கை உடைந்த கண்ணாடிமேல் வைத்து, இடது உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினார். கிழங்கு இரண்டாகப் பிளந்தது. கண்ணாடி கையில் இறங்கியது. பெரியம்மா "ஸ்" என்றார், அவ்வளவுதான். ரத்தம் முழங்கைவரை வழிந்தது. நான் துணி கட்டி முடிப்பதற்குள் வலது கையால் குறடை எடுத்துவிட்டார். பித்தளையை நசுக்கி, நெளித்து, வெளியே இழுத்துப் போட்டார். உப்புத்தாளால் துருவைச் சுரண்டினார். டப்பாவில் இருந்த புதுப் பல்பு முள் பார்த்து உட்கார்ந்தது. பேட்டரி வயரை மாட்டிவிட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன்.

"ரெண்டும் ஒண்ணுபோல எரியுது" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, கட்டுப்போட்ட கையாலேயே கியர் போட்டு, டாக்குரியா பாலம் ஏறி மைதானம்வரை அவர்தான் ஓட்டி வந்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார், யாரும் கேட்காமலே. ஒன்பது ஐம்பதுக்குச் சேர்ந்தோம்.

தொப்பி போட்ட பையன் ஒருவன் விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பட்டியலில் விரலை வைத்தான். "டிரைவர்?"

பெரியப்பா முன்னால் போனார். மனைவிக்குக் கையில் அடி, அதுவும் கியர் போடுகிற கை என்று வங்க மொழியில் சொன்னார். "ஓ, பௌதிக்கு அடியா!" என்று பையன் அண்ணி முறை வைத்துப் பரிதாபப்பட்டுப் பேனாவை நீட்டினான். பெரியப்பா பெரியம்மாவின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"இவ்வளவு தூரம் அவங்கதானே ஓட்டிட்டு வந்தாங்க!" என்று கத்தினேன்.

"அது ரோடு அம்முணி. இது நாலு பேரு பாக்கற எடம். கட்டுப் போட்டவளை ஓட்ட உட்டுட்டு இவன் உக்காந்து வாரான்னு என்னையத்தான் பேசுவாங்க."

"நீங்க சொல்லுங்க பெரியம்மா."

அவர் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"சாவி வண்டியிலயே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

நான் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். வண்டி கயிற்றை ஒட்டியே ஊர்ந்து வந்தது. ஒலிபெருக்கி பெரியப்பாவின் பெயரைச் சொன்னது, "துணைவியாருடன்" என்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஒருவர் கேமராவோடு ஓடி வந்தார். பெரியப்பா அவரைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் சொன்னது எனக்குக் கேட்டது: "கையைக் கீழ வெச்சுக்க."

பெரியம்மா கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டார்.

அணிவகுப்பு முடிந்ததும் பெரியப்பாவுக்குக் களைப்பாகிவிட்டது. வெயில் வேறு. பின்சீட்டில் சாய்ந்து தூங்கினார். வீடுவரை பெரியம்மாதான் ஓட்டினார்.