இடது பக்கம் ஒரு கதவு

காக்ஸ் டவுனில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் மோதிரம் மாற்றிய கையோடு குளோரியாவைத்தான் தேடி வருவார்கள். வெள்ளை கவுன் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அத்தனை பேரையும் தேனிலவுக்கு அனுப்பிவைத்தவள், தான் மட்டும் தையல் மெஷினை விட்டு எங்கும் போனதில்லை. புருஷன் ஆண்ட்ரூவும் அப்படித்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டியே தலை நரைத்தவர். ஓட்டிய தூரத்தைச் சேர்த்தால் உலகத்தையே சுற்றியிருக்கலாம்; போனதென்னவோ அதே நாலு தெருதான்.

ஆண்ட்ரூ வேனை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்ததும் குளோரியாவுக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டிலிருந்த பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி, உள்ளே படுத்துத் தூங்க ஒரு பெட்டி வண்டி. அதை ஏதாவது ஏரிக்கரையில் நிறுத்தி, காலையில் கண் விழித்ததும் தண்ணீரைப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும். அவ்வளவுதான் கேட்டாள். கேட்டாள் என்பதுகூடத் தப்பு, அறிவித்தாள். அடிச்சட்டமும் சக்கரமும் வெல்டிங் கடை தினேஷ் செய்து கொடுத்தான். மேலே ப்ளைவுட் பெட்டி, அதன்மேல் அலுமினியத் தகடு, உள்ளே மெத்தை எல்லாம் அவள் கைவேலை. வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து, பிரவுன் பேப்பரில் அளவு வெட்டி, சாக்கட்டியால் கோடு போட்டு, கவுன் தைக்கிற அதே நிதானத்தில் செய்தாள். காம்பவுண்டுக்குள் நாற்காலி போட்டு ஆண்ட்ரூ பார்த்துக்கொண்டே இருப்பார். இவளோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோமா என்று அவருக்கே மலைப்பாக இருக்கும்.

பெட்டிக்குள் போக ஒரே வழி, பின்பக்கம். சின்னக் கதவைத் தூக்கிவிட்டு, முட்டி போட்டு மெத்தைமேல் ஊர்ந்து போக வேண்டும். அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஆண்ட்ரூ மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிற வரை. ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடியோடு நடந்தார். ஆனால் முட்டி போடுவதும் ஊர்வதும் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நீ உன் தங்கச்சிய கூட்டினு போயிட்டு வா குளோரி," என்றார் ஆண்ட்ரூ ஒருநாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், பெட்டியின் வலது பக்கச் சுவரில் ஒரு கதவின் அளவுக்குப் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தது.

"இங்க ஒரு கதவு வெக்கப்போறேன். நீங்க நின்ன வாக்குல ஏறி, அப்டியே திரும்பி மெத்தையில உக்காரலாம்."

அந்தப் பக்கமாக வந்த தினேஷ் கன்னடமும் தமிழுமாகப் பதறிவிட்டான். "பேடா ஆன்ட்டி, வேணாம்! இந்தச் செவுருதான் கூரையத் தாங்குது. நடுவுல ஓட்ட போட்டீங்கன்னா, ஒரு பள்ளத்துல எறங்குனா போதும், மொத்தப் பெட்டியும் சாஞ்சிடும்."

ஆண்ட்ரூ யோசித்தார், தன் ஒருவன் இடுப்புக்காக அவளுடைய இத்தனை மாதத்து உழைப்பும் பாழாக வேண்டுமா?

குளோரியா அவன் சட்டையின் பட்டன் ஓட்டையைக் காட்டினாள். "இந்த ஓட்டைய எப்படிப் போடறோம் தினேஷ்? மொதல்ல சுத்தித் தையல், அப்புறந்தான் நடுவுல வெட்டு. வெட்டிட்டுத் தெச்சா துணி பிரிஞ்சிடும். உள்பக்கம் சுத்தி சட்டம் அடிச்சிட்டுத்தான் நான் கத்தியே வெப்பேன்."

தினேஷ் தலையைச் சொறிந்தான். பிறகு, சட்டத்துக்கு இரும்பு மூலைப்பட்டை தானே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் சட்டத்துக்கு மரம் அறுக்கத் தொடங்கியபோது, ஆண்ட்ரூ அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ உறுத்தியது. எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். 'கம்பிய புடி கண்ணு, மெதுவா, அவசரமில்ல' என்று சொல்லிச் சொல்லி, எத்தனையோ குழந்தைகளை வேனிலிருந்து இறக்கிவிட்டவர் அவர். எல்லோரையும் ஒரே பக்கமாகத்தான்.

"குளோரி, ரோட்டோரமா வண்டிய நிறுத்துனா, நான் இந்தப் பக்கமா எறங்குவேன், இல்ல?"

"ஆமா."

"இந்தப் பக்கந்தானே லாரி வரும்?"

ரம்பம் நின்றது. வீடியோக்காரர்கள் ஊரில் வண்டிகள், இங்கே மாதிரி இடது பக்கம் இல்லாமல், வலது பக்கம் போகின்றன. அவர்கள் கதவும் வலது பக்கம். அவள் அதை அப்படியே எடுத்துவிட்டாள். இடது சுவரிலோ அவள் ஆசை ஆசையாக இழைத்து வார்னிஷ் போட்ட அடுப்பு அலமாரி. சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று ஆண்ட்ரூவுக்குத் தவிப்பாகப் போயிற்று.

குளோரியா பேப்பரை உரித்தாள். மறுபக்கம் போய், அதைத் திருப்பிப்போட்டு இடது சுவரில் ஒட்டினாள்.

"கவுன்ல வலது கைக்கும் இடது கைக்கும் ஒரே பேப்பர்தாங்க," என்றாள். பின்பக்கமாக ஊர்ந்து உள்ளே போனவள், ஒரு பெருமூச்சுகூட விடாமல் அலமாரியின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

உள்ளே சட்டம் நின்ற பிறகு வெட்டு நாள் வந்தது. ரம்ப மெஷின் தகட்டைக் கிழித்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. ஆண்ட்ரூ கண்ணை மூடி ஜெபம் செய்தார். சாக்கட்டிக் கோட்டை விட்டு நூலிழை விலகவில்லை. கடைசி மூலை அறுந்ததும் அவளும் தினேஷும் அந்தப் பலகையை அலுங்காமல் வெளியே எடுத்தார்கள். அதற்கே கீல் மாட்டி அதையே கதவாக்கப்போகிறாள்; பக்கத்தில் பிடித்து இறங்க ஒரு கம்பியும் வரும். தினேஷ் பெட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். அது அசைந்தே கொடுக்கவில்லை.

அந்த வழியாக வெயில் உள்ளே விழுந்தது. மழையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து ஆண்ட்ரூ உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மெத்தை முன்பிருந்ததைவிட உயர்ந்திருந்தது, அவர் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற அளவுக்கு. பக்கத்தில் கைத்தடி மாட்ட ஒரு கொக்கி; அதன்மேல் பல நாள் தூசி. தங்கச்சியைக் கூட்டிப் போ என்று அவர் சொல்வதற்கு எத்தனையோ நாள் முன்பே இதையெல்லாம் செய்துவிட்டிருக்கிறாள்.

கோலார் பக்கத்து ஏரிக்குப் போகும் வழியில், இடுப்பு வலிக்கிறதென்று ஆண்ட்ரூ சொல்ல, குளோரியா ஜீப்பை ரோட்டோரம் நிறுத்தினாள். அவர் பெட்டிக்குள் சற்றுப் படுத்திருந்தபோது, ஒரு லாரி வலது சுவரை உரசுகிற மாதிரி அலறிக்கொண்டு போனது. பெட்டியே அதிர்ந்தது. இடது கதவருகே நின்றிருந்த குளோரியா அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் அவர் விழித்தபோது அவள் முன்பே எழுந்து வெளியே போயிருந்தாள். ஆண்ட்ரூ கதவைத் தள்ளினார். கதவுச் சட்டம் முழுக்க ஏரித் தண்ணீர். அப்போதுதான் வெளுக்கிற வானம் அதில் கிடந்தது. கடவுளே என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

கீழே, ஈர மண்ணில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளோரியா நின்றிருந்தாள். அவரைத் தொடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கையை மட்டும் நீட்டி வைத்திருந்தாள்.

"கம்பிய புடி கண்ணு," என்றாள். "மெதுவா. அவசரமில்ல."