சுபாங் வேனும் வழியனுப்பும் கூட்டமும்

விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறவளுக்குப் பயணியால் தொல்லை இல்லை, வழியனுப்ப வருகிறவர்களால்தான். வேன் ஓட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கோல சிலாங்கூரில் பழைய வேன் ஒன்றை வாங்கி, சுபாங் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றத் தொடங்கினேன். எங்கள் வீட்டு உலை அதை நம்பித்தான் கொதித்தது. என் கொழுந்தன் குமார் மட்டும், "ஒருத்தர் ஃபிளைட்ட விட்டாலும் வேன வித்துடணும், அண்ணி" என்றான்.

யார் பயணி?

முதல் சவாரி தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து. பினாங்குக்கு ஒரே ஆள் என்றார்கள். போய்க் கதவைத் திறந்ததுதான் தாமதம். சித்தி, மாமா, பக்கத்து வீட்டார் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "யாருதான் போறது?" என்று கத்தினேன். பெட்டியோடு வெளியே நின்ற இளைஞன் மெதுவாகச் சொன்னான்: "நான்தான் ஆன்ட்டி. வேணும்னா பின்னால மோட்டார் சைக்கிள்ல வந்துடவா?"

எலுமிச்சம்பழம்

தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெருமாள் மாமா முதல் முறையாக விமானம் ஏறினார். என் வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு விட்டாரா? விமான நிலைய வாசலிலும் கையில் பழத்தோடு நின்று, விமானத்தின் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் சிரிக்கவே இல்லை. "பைலட்டு காலையிலேயே வச்சிட்டாரு லா, தாத்தா. நீங்க தைரியமா ஏறுங்க."

சேற்றில் ஒரு டீச்சர்

கடைசியில் குமாரின் மகள் தேவிக்கே கடல் தாண்டிச் சரவாக்கில் ஆசிரியை வேலை கிடைத்தது. மறுநாள் காலை பள்ளியில் இருக்க வேண்டும். வழக்கம்போல் குடும்பமே வேனில். தோட்டத்து முகப்பில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. தேவியின் வேலை, என் வேன், இரண்டுமே போய்விடும்.

டிராக்டர் போகும் மண் பாதையில் திருப்பினேன். பாதி வழியில் சக்கரம் சேற்றில் புதைந்தது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்றேன். நான் இத்தனை நாள் திட்டித் தீர்த்த அதே கூட்டம், பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளியது. வேன் துள்ளி வெளியே வந்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் தோட்டமே அதிர்ந்தது.

செக்-இன் கவுண்டர் மூடுவதற்குள் சேர்ந்துவிட்டோம். தேவி கையசைத்து உள்ளே போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குமார் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி சொன்னான்: "இந்த வேன வித்துடுங்க, அண்ணி. இன்னும் பெரிசா ஒண்ணு வாங்கலாம்."

இப்போதெல்லாம் யாராவது தனி ஆளாக வருகிறேன் என்று போன் செய்தால், தள்ள ஆளில்லாமல் எப்படிப் போய்ச் சேர்வது என்று எனக்குத்தான் பயமாக இருக்கிறது.