இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர்

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் பத்து நாள் தியான வகுப்புக்குப் போனேன். என் இடப்பக்கத்தில் ஜரிகைக் கடை பாய் ஒருவர் உட்காருவார். வெள்ளைத் தாடி, கசங்காத ஜிப்பா, லேசான அத்தர் வாசனை. பிரஷருக்காக டாக்டர் அனுப்பி வைத்தாராம்.

“மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனியுங்கள்” என்பார் சொல்லிக்கொடுப்பவர். எதிர் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் கண்ணை மூடுவோம். பாய் மட்டும் தலையை என் பக்கம் சாய்த்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்காம் நாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டேன். “ஏன் பாய், என் மேலயே சாயறீங்க?”

அவர் கூச்சத்தோடு சிரித்தார். “தப்பா நினைச்சுக்காதீங்க சார். வீட்ல அவங்களுக்கு ஆஸ்துமா. முப்பது வருஷமா அவங்க மூச்சத்தான் கேட்டுக்கினு படுக்கறேன். கண்ண மூடுனா காது தானா பக்கத்துல போவுது. என் மூச்சு எனக்குப் புடிபடவே மாட்டேங்குது.”

செருப்பை மாட்டிக்கொண்டவர், நின்று திரும்பினார். “நடுவுல நடுவுல மூச்ச நிறுத்திடறீங்க சார். எதுக்கு அவ்ளோ பயம்?”

அந்த வாரம் நான் ஒரு பயாப்சி முடிவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அவர் சாய்ந்தபோது நான் நகரவில்லை.

முடிவு நல்லபடியாகவே வந்தது. வகுப்பு முடிந்த பிறகு அவரைப் பார்க்கவில்லை, பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் வீட்டில் தனியாகத்தான் கண்ணை மூடி உட்காருகிறேன். மூச்சு எங்காவது நின்றுபோனால், தலை தானாக இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே சுவர்தான் இருக்கிறது.