துடைத்துவிட்டுக் குடித்த கிண்ணம்

சபையில் எழும்பிச் சாட்சி சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம்தான். வரிசையாக முழங்காலில் நிற்போம். போதகர் கிண்ணத்தை ஒவ்வொருவர் கையிலும் தருவார். அன்று எனக்கு முன்னால் குடித்தவ ரூபி. வாழைச்சேனையில் இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறவ. உடம்பெல்லாம் இறால் வெடுக்கு நாற்றம், உதடெல்லாம் வெற்றிலைக் காவி. அந்த வாய் பட்ட இடத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. சேலைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பை அழுத்தித் துடைத்துவிட்டுக் குடித்தேன். என்னைப் பார்த்து எனக்கு அடுத்தவவும் துடைத்தா. அதற்கடுத்தவவும் துடைத்தா.

வெளியில் வந்ததும் ரூபி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னா: "அக்கா, நான் வாய் கொப்புளிச்சிட்டுத்தான் வந்தனான்."

"அதுக்கென்ன புள்ள" என்றேன்.

மனம் புதிதாக வேண்டும் என்று நாற்பது வருடமாக ஜெபிக்கிற வாய் என்னுடையது. அன்று இந்த என் வாயை நினைக்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த திருவிருந்தில், தனக்குப் பிறகு ஒருவரும் குடிக்க வேண்டாம் என்று, ரூபி வரிசையின் கடைசியில் போய் நின்றா. நான் எழும்பிப் போய் அவவுக்கும் அங்கால், கடைசி ஆளாக முழங்காலில் நின்றேன்.

"இஞ்ச ஏன்கா வந்த நீங்க?"

"கொஞ்சம் தள்ளு புள்ள."

கிண்ணம் வந்தது. வெடுக்கு அப்படியேதான் இருந்தது. துடைக்காமல் குடித்தேன்.

மனம் மாறிவிட்டது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் என்னோடு சண்டை பிடித்துத்தான் குடிக்கிறேன்.