பேகத்தின் நெற்றியில் இரண்டு சுழி

எங்கள் வீட்டில் ரேஸ் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டெல்லி ரேஸ் மைதானத்துக் குதிரை லாயத்தில்தான் வேலை பார்த்தார். ஆனால் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால், கால்நடை சம்பந்தமான வேலை என்று அப்பா பட்டும் படாமலும் சொல்லிவிட்டு உடனே அகவிலைப்படியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மத்திய அரசு ஊழியர்களின் காலனியில் அகவிலைப்படி என்று எடுத்துக் கொடுத்த பிறகு யாரும் குதிரையின் பக்கம் திரும்புவதில்லை.

மாமா ஒரு தடவைகூடப் பந்தயம் கட்டியதில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர், திடீரென்று ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் லாயத்துக் குதிரை டாக்டருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். குதிரைகளுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் போக அவருக்கு இன்னொரு முக்கியமான வேலை இருந்தது. உயர்சாதிப் பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் நமக்கு பாஸ்போர்ட் இருப்பதுபோல ஓர் அடையாளப் புத்தகம் உண்டு. அதில் அச்சடித்த குதிரைப் படத்தின் மேல், அந்தக் குதிரையின் வெள்ளை அடையாளங்களைச் சிவப்பு மையால் வரைய வேண்டும். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாகப் போட வேண்டும். எந்த இரண்டு குதிரைகளுக்கும் சுழிகள் ஒரே மாதிரி இருக்காதாம். கையெழுத்துதான் டாக்டருடையது, படமெல்லாம் மாமா போட்டது.

நான் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்போது பத்து வயது. தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. இந்தியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மாமாவுக்கோ இரண்டு வருடத்தில் அச்சா, ஜல்தி, பானி என்ற மூன்று சொற்கள்தான் வந்திருந்தன. டாக்டரிடம் ஆங்கிலத்தில் சமாளிப்பார். மற்றவர்களிடம் கைஜாடைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். லாயத்தில் நான்தான் அவருடைய வாய். அந்தப் பதவியில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அங்கேதான் பேகம் இருந்தது. வின்டர் பேகம் என்பது அதன் பந்தயப் பெயர். அதன் தகப்பன் அயர்லாந்தில் பிறந்து, அங்கே பெரிய பந்தயங்களை எல்லாம் ஜெயித்துவிட்டு, விமானமேறிப் புனே பக்கத்துக் குதிரைப் பண்ணைக்கு வந்த மகாராஜா. அந்த மகாராஜாவின் பிள்ளைகள் பம்பாயிலும் பெங்களூரிலும் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பேகமும் பம்பாயில் ஒரு பெரிய பந்தயத்தில் கழுத்தளவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்த குதிரைதான். பிறகு முன்னங்கால் நரம்பு வீங்கி, மதிப்பு இறங்கி, டெல்லிக்கு வந்து சேர்ந்தது. கரோல் பாகில் டயர் கடை வைத்திருந்த ஒரு லாலாஜி அதை வாங்கினார். இங்கே ஓடிய பந்தயங்களில் மற்ற குதிரைகள் அதன் வாலைப் பார்த்துக்கொண்டுதான் ஓடின.

அந்த வருடம் கால் நரம்பு மறுபடியும் பழுதாகிவிட்டது. இனி ஓடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட முடியாத அந்தப் பெண்குதிரைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புனே பண்ணைக்குத் தாய்க்குதிரையாகப் போவது. புல்வெளி, நிழல், வருடத்துக்கு ஒரு குட்டி. இன்னொன்று, கல்யாணங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடுகிறவரிடம் போவது. டெல்லியில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேல்தான் வருவார். சாம்பல் நிறத்தில் பிறந்த பேகம் வயது ஏற ஏற வெளுத்து, அப்போது பால் மாதிரி இருந்தது. கல்யாணக் குதிரைக்காரர் இரண்டு தடவை வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாமா தூக்கத்தைத் தொலைத்தார். என் ஸ்கெட்ச் பேனாக்களை வாங்கி, எங்கள் சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பரை விரித்து, பேகத்தின் வம்சத்தை ஆங்கிலத்தில் எழுதினார். தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், தாய், தாயின் அக்காள் பெற்ற வெற்றிகள் என்று கிளை கிளையாக விரிந்தது.

"ஏனுங் மாப்ள, என்ற தாத்தனோட அப்பன் பேரு எனக்குத் தெரியாது. குதிரைக்கு ஏழு தலைமுறை எழுதறீங்க" என்றார் அப்பா.

"எழுதி வெக்கோணுமுங்க மச்சான். இவ வயித்துல ஒரு குட்டி பொறந்தா அது ஊரையே திரும்பிப் பாக்க வெக்கும்" என்றார் மாமா.

அந்தச் சார்ட்டை லாலாஜியிடம் நான்தான் இந்தியில் வாசித்து விளக்கினேன். லாலாஜி மனம் இளகிவிட்டார். பண்ணைக்காரர்களும் சம்மதித்தார்கள். அதோடு விடவில்லை. அடையாளப் புத்தகம் இத்தனை சுத்தமாக எழுதுகிற ஆளும் கூடவே வந்தால் நல்லது, பிறக்கிற குட்டிகளுக்கு எழுத ஆள் வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லியனுப்பினார்கள். பேகத்தோடு லாரியில் மாமாவும் போவதாக ஏற்பாடு. மாமா வீட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு நடந்ததை அந்த ஒரு வாரம்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பேகத்தைத் தன் பெயரிலேயே பண்ணையில் விடுவதற்கான பத்திரத்தில் லாலாஜி கையெழுத்துப் போடுவது ஞாயிற்றுக்கிழமை. பேகத்தின் புத்தகத்தைச் சரிபார்த்துப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சாம்பல் குதிரை வெளுத்துவிட்டால் சின்ன வயதில் சிவப்பு மையால் வரைந்த அடையாளங்கள் உதவாது, சுழிதான் சாட்சி. டாக்டர் அடுத்த லாயத்தில் ஒரு குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாலாஜி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு ஒரு பொட்டலம் ஜிலேபி கொடுத்திருந்தார். பேகத்தைப் பார்த்துக்கொள்ளும் லாயத்துக் குதிரைக்காரர் அதன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மாமா அதன் நெற்றியில் விரலால் தடவித் தடவிப் பார்த்து எழுதினார்.

"இவ்வளவு நேரம் அங்கே என்னம்மா பார்க்கிறான்?" என்று லாலாஜி இந்தியில் கேட்டார்.

நான் மாமாவிடம் கேட்டேன். "நெத்தியில மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு சுழி இருக்குது. அதை எழுதறேன்னு சொல்லு அம்மிணி" என்றார்.

அதைச் சொன்னேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் லாலாஜி, "அடே, இந்தக் குட்டிப் பெண்ணுக்குக் குதிரை சாஸ்திரமெல்லாம் தெரிகிறதே!" என்றார். ஜிலேபி வேறு வாயில் இருந்தது. போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பெரியப்பா என்னைக் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே ஒரு நல்ல குதிரையின் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலும் கீழுமாக ரெண்டு சுழி, ஊட்டுக்கு ஆகாது என்று அவர் நகர்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதை அப்படியே, கொஞ்சம் கண்ணையும் உருட்டி, என் அருமையான இந்தியில் லாலாஜியிடம் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட குதிரையை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வைத்துக்கொண்டால் குடும்பத்தில் ஏதாவது நடக்கும் என்றேன். கடைசிப் பகுதி பெரியப்பா சொல்லாதது. நானே சேர்த்தது.

குதிரைக்காரர் தலையை ஆட்டினார். தங்கள் ராஜஸ்தான் பக்கத்திலும் அப்படிச் சொல்வது உண்டு என்றார். லாலாஜியின் முகம் மாறிவிட்டது. பேகத்தை வாங்கிய வருடம்தான் கடையில் தீப்பிடித்தது என்றார். அதற்குப் பிறகுதான் மனைவிக்கு உடம்பு படுத்தது என்றார். எல்லாவற்றையும் வரிசையாக அந்த இரண்டு சுழிகளின் மேல் ஏற்றினார்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துக்காகப் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்.

"என்ன அம்மிணி சொல்றாரு?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஒண்ணுமில்ல மாமா. யோசிக்கிறாராம்" என்றேன்.

"அப்பிடியா? இவளோட அப்பனைப் பத்தி இன்னொருக்கா சொல்லு. பம்பாய்ப் பந்தயத்தையும் சொல்லு. ஜல்தி" என்றார்.

நான் சொல்லவில்லை. லாலாஜி எழுந்து, இந்தக் குதிரையின் குட்டிகளோடு தன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இதை விற்றுத் தலைமுழுகிவிடுகிறேன், டாக்டரிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போனார். மாமா அவர் பின்னால், அச்சா, அச்சா என்று சொல்லிக்கொண்டே பத்தடி நடந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்தேன். குதிரைக்காரர்தான் தன் நெற்றியில் மேலே ஒன்று கீழே ஒன்று என விரலால் சுழித்துக் காட்டி, கையை விரித்து, என்னைச் சுட்டினார். கைஜாடையில் பழகிய மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. லாலாஜி மனசு மாறிட்டாருங்க என்று மட்டும் சொன்னார். டாக்டர் பேசிப் பார்த்தும் பயனில்லை. அடுத்த வாரமே பேகம் கல்யாணக் குதிரைக்காரரிடம் போய்விட்டது. ஆள் மட்டும் வரலாமே என்று பண்ணையிலிருந்து கேட்டதற்கு, குதிரையை விட்டுவிட்டு நான் எதற்கு என்று மாமா போகவில்லை.

குளிர்காலம் வந்து கல்யாணங்கள் தொடங்கின. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் காலனித் தெருவில் பாண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. வெள்ளைக் குதிரை. கழுத்து நிறைய ஜரிகை, நெற்றியை முழுக்க மறைத்துத் தொங்கும் குஞ்சங்கள். முன்னங்காலை லேசாகச் சாய்த்துத்தான் நடந்தது. பால்கனியில் நின்றிருந்த மாமா லுங்கியோடு, ஹவாய்ச் செருப்போடு கீழே ஓடினார். ஆடிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு போய், குதிரையின் நெற்றிக் குஞ்சத்தைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். யாரோ அவரைக் குடிகாரன் என்று நினைத்துப் பிடித்துத் தள்ளினார்கள். மறுபடி போனார், மறுபடி தள்ளினார்கள். மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பயந்துபோய் கத்தினார். என் சிநேகிதிகள் எல்லாரும் பால்கனிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது பேகமா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது தீவனக் கடை ஒன்றில் உட்காருகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், டெல்லியில குளிரு எப்பிடி அம்மிணி என்று கேட்பார். நான் குளிரைப் பற்றி விரிவாகச் சொல்வேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போய், குளிரோடு திரும்பி வருவேன்.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயத்தில், மாமா ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குத் தலையில ரெட்டைச் சுழி. கட்டிக்கிற பொண்ணு தங்காது, ரெண்டாந்தாரம்தான் நெலைக்கும்னு மூணு ஊட்டுல வேண்டாம்னுட்டாங்க. மூணாவது எடத்துல தேதி வெச்சுப்போட்டு நின்னு போச்சு. அந்தப் பிள்ளை மேல இவனுக்கும் ஆசை. ஊரு மொகத்துல முழிக்க முடியலீன்னுதான் டெல்லிக்கு ஓடியாந்தான்" என்றாள்.

சுழியைத் தடவிப் பார்த்து, ஒரு குறி போட்டு, இது இன்னார் என்று எழுதிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விடுகிற ஓர் இடத்தை அந்த மனிதர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து கண்டுபிடித்திருந்தார். அங்கேயும் நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

இவ்வளவு சொன்னவள் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்த பஸ்ஸை மட்டும் இதுவரை தள்ளிப்போட்டேன். மாமா எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். நான் தேம்பிக்கொண்டே வந்தேன். பாதி வழியில், வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"பெரியப்பா சொன்னதை நீ நம்பறயா அம்மிணி?"

"பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும் மாமா."

"அவரு கெடக்கறாரு. நீ நம்பறயா?"

நான் யோசித்தேன். திட்டு விழாமல் இருக்க நான் சொன்னது சரியென்று ஆக வேண்டும். "லாலாஜி கடையில தீப்பிடிச்சுதே மாமா. ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையே. அப்போ அது நெசந்தானே?"

மாமா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, "இருக்கும் அம்மிணி. இருக்கும்" என்றார்.

மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. நாங்கள் இறங்கும் இடம் வரும்வரை நான் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.